வென்றால் மென்பொருள், தோற்றால் குடோன்காரர்

சென்ற இதழில் ஆலோசகர் ஒருவர் நம் ஊர்த் தொழில்முனைவோருக்கு நான்கு பக்கத்துக்கு உபதேசம் செய்திருக்கிறார். விநியோகச் சங்கிலி மென்பொருள் இல்லாத நிறுவனம் இன்னும் பத்தாண்டில் இருக்காதாம். வாங்குவதென்றால் பெரிதாக, முழுதாக வாங்க வேண்டுமாம். உலகின் தலைசிறந்த நடைமுறைகள் எல்லாம் மென்பொருளுக்குள்ளேயே இருப்பதால் நிறுவனம்தான் அதற்கேற்ப வளைய வேண்டுமாம். எல்லாப் பிரிவுகளையும் ஒரே நாளில் மாற்றினால்தான் ஒழுங்கு பிறக்குமாம். கணக்கில் உள்ள பிழைகள் மென்பொருள் ஓட ஓடத் தாமாகவே களையப்பட்டுவிடுமாம். இத்தனையும் செய்த பிறகும் தோற்றால்? காரணம் ஒன்றே ஒன்றுதான்: மாற்றத்தை எதிர்க்கும் ஊழியர்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த எதிர்வினை. மற்றவை அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். இது அநியாயம்.

திட்டம் வென்றால் பெருமை மென்பொருளுக்கும் அதைப் பரிந்துரைத்தவருக்கும். தோற்றால் பழி குடோனில் நிற்பவருக்கு. எந்த முடிவு வந்தாலும் ஆலோசகர் சொன்னது சரியாகவே இருக்கும். தவறென்று நிரூபிக்க வழியே வைக்காத கூற்றைத் தொழில் ஆலோசனை என்று சொல்ல முடியாது. அது ஒருவகைக் காப்பீடு. பிரீமியம் கட்டுவது வாடிக்கையாளர், பாதுகாப்புப் பெறுவது ஆலோசகர் என்பது மட்டுமே அதில் உள்ள புதுமை.

நல்லவேளையாக, தன் வாதத்துக்குச் சாட்சியாக ஹெர்ஷி, நைக்கி, டார்கெட் கனடா, லிடில் என்று நான்கு நிறுவனங்களை அவரே அழைத்து வந்திருக்கிறார். நான்கிலும் ஊழியர்கள் ஒத்துழைக்காததால்தான் கோடிக்கணக்கான பணம் கரைந்தது என்கிறார். நான்கையும் ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

ஹெர்ஷி, அமெரிக்கச் சாக்லேட் நிறுவனம். தொண்ணூறுகளின் இறுதியில் 11.2 கோடி டாலர் செலவில் மூன்று மென்பொருள்களைச் சேர்த்து நிறுவியது. நிறுவனத்தின் அடிப்படைக் கணக்குகளுக்கு எஸ்ஏபி, திட்டமிடலுக்கு மேனுஜிஸ்டிக்ஸ், வாடிக்கையாளர் தொடர்புக்கு சீபெல். நான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட வேலையை இரண்டரை ஆண்டுக்குள் சுருக்கினார்கள். அவசரத்துக்குக் காரணம், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் குழம்பிவிடும் என்ற அச்சம் அப்போது உலகெங்கும் இருந்தது. 1999 ஏப்ரலில் ஓடத் தொடங்கியிருக்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 31 ஹாலோவீன். அமெரிக்காவில் மிட்டாய் அதிகம் விற்கும் பருவங்களில் ஒன்று. அதற்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரம் பார்த்து, மூன்று மென்பொருள்களையும் ஒரே வீச்சில் இயக்கிவிட்டார்கள். ஆலோசகர் பரிந்துரைக்கும் அதே ஒரே நாள் மாற்றம்தான் அது.

விளைவு, சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. சாக்லேட் இல்லாமல் இல்லை. சாக்லேட் கிடங்கில் கிடந்தது, எங்கே எவ்வளவு கிடக்கிறது என்பது கணினிக்குத் தெரியவில்லை. பருவ நெருக்கடியில் தற்காலிகமாகச் சரக்கை அடுக்கிவைக்கும் இடங்களைப் புதிய கணக்கில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள் என்று அப்போது எழுதப்பட்டது. அந்தக் காலாண்டில் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

காலத்தை நான்கிலிருந்து இரண்டரையாகச் சுருக்கியவர் யார்? ஜூலையைத் தேர்ந்தெடுத்தவர் யார்? மூன்றையும் ஒன்றாக ஓட்டலாம் என்று கையெழுத்திட்டவர் யார்? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரா?

ஆலோசகர் சொல்லாமல் விட்ட பின்கதை ஒன்றும் இருக்கிறது. அதே ஹெர்ஷி 2002இல் அதே எஸ்ஏபியின் புதிய பதிப்புக்கு மாறியது. இம்முறை நிதானமாகச் சோதித்துப் பார்த்து, ஒதுக்கிய தொகைக்கும் குறைவான செலவில், ஆர்டர்கள் தடைபடாமல் வேலை முடிந்தது. நிறுவனம் அதே, மென்பொருள் குடும்பம் அதே. மாறியது மேலே எடுக்கப்பட்ட முடிவுகள். ஊழியர்களின் மனோபாவம்தான் காரணம் என்றால் மூன்றே ஆண்டில் அத்தனை பேரும் ஞானம் பெற்றுவிட்டார்களா?

இரண்டாவது சாட்சி நைக்கி. எதிர்காலத் தேவையைச் செயற்கை நுண்ணறிவே கணித்துத் தரும், மனிதர்கள் குறுக்கிடாமல் இருந்தால் போதும் என்று இன்று ஆலோசகர் சொல்வதை, அன்று வேறு சொற்களில் சொல்லித்தான் ஐ-டூ டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் தேவைக் கணிப்பு மென்பொருள் விற்கப்பட்டது. நைக்கி அதை 2000 ஜூனில் ஓட்டத் தொடங்கியது. நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் அடிப்படை மென்பொருளான இஆர்பி இன்னும் தயாராகவில்லை. பழைய அமைப்புகளோடு இணைப்பதற்காகப் புதிய மென்பொருளை நிறையவே வெட்டி ஒட்டினார்கள். தொழிற்சாலைகளுக்குச் சில ஆர்டர்கள் பழைய அமைப்பிலிருந்து ஒருமுறையும் புதியதிலிருந்து இன்னொரு முறையும் போயின. விற்காத மாடல் ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டது. கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த மாடலுக்குத் தட்டுப்பாடு. 2001 பிப்ரவரியில் சுமார் 10 கோடி டாலர் விற்பனை போயிற்று என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பங்கு விலை ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. 40 கோடி டாலர் கொட்டியதற்கு இதுதானா பலன் என்று நிறுவனர் ஃபில் நைட் ஆய்வாளர்களிடமே சலித்துக்கொண்டார்.

படிப்படியாக நிறுவுங்கள் என்று தாங்கள் சொன்னதை நைக்கி கேட்கவில்லை என்பது ஐ-டூ தரப்பின் பதில். உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் பழி எங்கே விழுகிறது? விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் நோக்கி விரல் நீட்டும் அறையில் ஷூ தைக்கிற தொழிலாளிக்கு நாற்காலியே கிடையாது. பின்னர் வந்த கட்டங்களில் நைக்கி, பயிற்சியை முழுதாக முடிக்காதவரைக் கணினிக்குள்ளேயே விடவில்லை. பயிற்சிக்குப் பணமும் நேரமும் ஒதுக்குவது நிர்வாகம். ஒதுக்காமல் விட்டுவிட்டு ஊழியருக்குத் தெரியவில்லை என்று சொல்வதில் என்ன நியாயம்?

மூன்றாவது சாட்சியிடம் சற்று நேரம் நிற்க வேண்டும். பிழையான கணக்கை மென்பொருளே சரிசெய்துவிடும் என்ற ஆலோசகரின் நம்பிக்கைக்கு டார்கெட் கனடாவைவிடப் பெரிய மறுப்பு கிடைக்காது.

அமெரிக்கச் சில்லறை நிறுவனமான டார்கெட், 2011இல் கனடாவின் ஸெல்லர்ஸ் கடைகளின் குத்தகை உரிமையை ஏறத்தாழ 180 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. வாங்கிய கடைகளைப் பூட்டிவைத்தால் வாடகை ஓடும். ஆகவே கடைகளை வேகமாகத் திறக்க வேண்டிய கட்டாயம். அமெரிக்காவில் தாங்களே ஆண்டுக்கணக்கில் செதுக்கிய அமைப்பு கனடிய டாலருக்கும் பிரெஞ்சு எழுத்துகளுக்கும் ஒத்துவராது என்பதால் எஸ்ஏபியைப் புதிதாக நிறுவினார்கள். சுமார் 75,000 பொருள்களின் விவரங்களை அதில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் நீளம், அகலம், உயரம், எடை, ஒரு பெட்டியில் எத்தனை, விலை, நாணயம், தயாரிப்பாளர் எண் என்று ஏராளமான கட்டங்கள்.

அனுபவம் குறைந்த இளம் ஊழியர்கள் கெடுவுக்குப் பயந்து அவசர அவசரமாக ஏற்றினார்கள். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம் வந்தது. நீளம் அகலமாயிற்று. நாணயம் மாறியது. பெயரில் எழுத்துப்பிழை. பின்னர் சோதித்தபோது விவரங்களில் ஏறத்தாழ 30 சதவீதமே சரியாக இருந்தன என்றும், அமெரிக்க டார்கெட்டில் இது 98, 99 சதவீதம் என்றும் கனடியப் பத்திரிகை விசாரணை ஒன்று வெளியிட்டது. கிடங்குகளில் சரக்கு பிதுங்கி வழிய, கடைகளின் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. தேவையைக் கணிக்கும் மென்பொருளுக்குப் பல ஆண்டு விற்பனை வரலாறு வேண்டும். புது நாட்டில் அது எங்கிருந்து வரும்? ஆகவே ஊகத்தைத் தீனியாகப் போட்டார்கள்.

இதைவிடச் சுவையான செய்தி, சிலர் தானாகவே சரக்கு வரவழைக்கும் வசதியை அணைத்துவைத்தார்களாம். அணைத்துவிட்டால் அந்தப் பொருள் ‘இருப்பில் இல்லை’ என்ற பட்டியலில் வராது. பட்டியல் அழகாக இருக்கும், அலமாரி காலியாக இருக்கும். இதையும் ஊழியர் எதிர்ப்பு என்று ஆலோசகர் எழுதக்கூடும். ஆனால் மனிதரைப் பட்டியலால் மட்டுமே அளந்தால் மனிதர் பட்டியலைத்தான் கவனிப்பார். அந்த அளவுகோலை வகுத்தது யார் என்று கேட்டால் நாம் மறுபடி அதே மேல்மாடிக்குத்தான் போய்ச் சேருகிறோம்.

முதல் கடைகள் 2013 மார்ச்சில் திறந்தன. 2015 ஜனவரியில் கனடாவைவிட்டே போகிறோம் என்று அறிவித்தார்கள். 133 கடைகள், ஏறத்தாழ 17,600 ஊழியர்கள். மென்பொருள் ஓட ஓடக் கணக்குச் சரியாகும் என்கிறாரே ஆலோசகர், இன்னும் எத்தனை கடையை மூடும்வரை ஓடியிருக்க வேண்டும் என்று சொன்னால் நன்றாக இருக்கும். தவறான எண்ணை மென்பொருள் திருத்துவதில்லை. முன்பு ஒரு குடோனில் இருந்த தவறை ஒரே நொடியில் எல்லாக் குடோன்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பூர்க்காரர்கள் இன்னும் எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் தொழில் நடத்துகிறார்கள் என்று ஆலோசகர் முகம் சுளித்திருக்கிறார். ஒரு டி-ஷர்ட் எந்த வழியாகப் போகிறது என்பதை அவர் ஒருமுறையாவது பின்தொடர்ந்து போயிருந்தால் அந்த வரியை எழுதத் தயங்கியிருப்பார். நூல் கிலோவில் வாங்கப்படுகிறது. நிட்டிங்கில் துணியாகும்போதும் கிலோதான், ஆனால் கொஞ்சம் கழிவு போயிருக்கும். சாயப்பட்டறைக்குப் போய்வரும்போது எடை மீண்டும் மாறும். துணியைச் சுருக்கி அழுத்தும் காம்பாக்டிங் முடிந்ததும் அகலமும் சதுர மீட்டர் எடையும் (ஜிஎஸ்எம்) மாறும். கட்டிங் மேசையில் கிலோக்கணக்கு முடிந்து பீஸ் கணக்கு தொடங்கும். இந்த வேலைகளில் பலவும் வெவ்வேறு முதலாளிகளின் கூரையின்கீழ் ஜாப் ஒர்க்காக நடக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் டெலிவரி சலான், ஒவ்வொரு சலானிலும் ஒரு கழிவுக் கணக்கு, ஒவ்வொரு கழிவுக் கணக்கிலும் ஒரு தகராறு.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கணினித் திரையில் ‘நீலத்துணி 500 கிலோ’ என்று காட்டும். மென்பொருளைப் பொறுத்தவரை அது 500 கிலோ. கட்டிங் மாஸ்டரைக் கேட்டால் ‘இல்லை, இரண்டு லாட்டில் இருநூற்றைம்பது இருநூற்றைம்பது’ என்பார். ஒரு லாட்டின் நீலமும் அடுத்த லாட்டின் நீலமும் ஷேடில் ஒத்துப்போகாது. உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்தால் பையர் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார். கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியையும் உடம்புத் துணியோடு சேர்த்தே சாயமேற்ற வேண்டும் என்பதும் இதனால்தான். இருப்பை லாட் வாரியாக, ஷேடு வாரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாத மென்பொருள், எத்தனை கோடி விலையானாலும் திருப்பூரில் பொய்தான் சொல்லும். அதன் திரையைப் பார்த்து ஷிப்மென்ட் தேதி கொடுத்த, ஆர்டரைக் கவனிக்கும் மெர்சண்டைசர் மாட்டிக்கொள்வார். பிறகு ஆலோசகர் வந்து மெர்சண்டைசருக்கு மாற்றத்தில் விருப்பமில்லை என்று அறிக்கை எழுதுவார்.

எதிர்ப்பு எதிர்ப்பு என்கிறாரே, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தையல் பிரிவில் பலருக்குப் பீஸ் ரேட். எத்தனை பீஸ் தைத்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. ஒவ்வொரு கட்டையும் ஸ்கேன் செய், ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு செய் என்று புதிய மென்பொருள் கேட்கிறது. அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? கட்டுரை முழுக்கத் தேடிவிட்டேன், அதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. ஸ்கேன் செய்யாமல் விட்டு, மாலையில் மொத்தமாக ஓர் எண்ணைத் தட்டிவிட்டுப் போகிற தொழிலாளி எதையும் எதிர்க்கவில்லை. தன் சனிக்கிழமைச் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். நிறுவனம் தன் கணக்குக்காக அவர் நேரத்தை இலவசமாகக் கேட்கிறது. அவர் தர மறுக்கிறார். இதில் உளவியல் பயிற்சி வகுப்புக்கு வேலை இல்லை, கூலிப் பட்டியலில்தான் வேலை இருக்கிறது.

மிச்சமிருக்கும் நான்காவது சாட்சி லிடில். இங்கே ஆலோசகர் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டுகிறார். ஜெர்மனியின் இந்தத் தள்ளுபடி விலைக் கடைச் சங்கிலி 2011இல் எஸ்ஏபி அடிப்படையிலான திட்டத்தைத் தொடங்கி, சுமார் 50 கோடி யூரோ செலவழித்துவிட்டு, 2018இல் கைவிட்டது. லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. மென்பொருளின் இயல்பு விற்பனை விலையில் மதிப்பிடுவது. லிடில் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைக்கப் போய்ச் சிக்கலில் மாட்டியது. பார்த்தீர்களா, நிறுவனம்தான் வளைந்திருக்க வேண்டும் என்கிறார்.

மென்பொருளை அளவுக்கு மீறி வெட்டி ஒட்டுவது ஆபத்து என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கேள்வி வேறு. சரக்கை எந்த விலையில் மதிப்பிடுவது என்பது கணக்குப் பிரிவின் முதல் பக்கத்துச் செய்தி. அது முட்டும் என்பது ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே மேசைக்கு வந்திருக்க வேண்டும். வளைவது நாமா மென்பொருளா என்று அன்றே முடிவெடுத்திருந்தால், ஒன்று லிடில் மாறியிருக்கும், அல்லது வேறு மென்பொருளைத் தேடியிருக்கும். முடிவெடுக்காமல் ஏழு ஆண்டுகள் இழுத்ததற்குத்தான் அந்த 50 கோடி. நிறுவனமே வளையட்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எளிது. எந்த வழக்கத்தால் நிறுவனம் பிழைக்கிறதோ அதை வளைத்துவிட்டால் பிறகு மென்பொருள் மட்டும்தான் மிஞ்சும்.

எங்கே வளையலாம், எங்கே கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் தேர்வு. வருகைப் பதிவு, பில் வடிவம், ஒப்புதல் படிகள் ஆகியவற்றில் நம் பழைய வழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. ஷேடு வாரி இருப்பிலும், ஜாப் ஒர்க் கழிவுக் கணக்கிலும் வளைந்தால் தொழிலே போய்விடும்.

எக்செல் வைத்திருப்பது வெட்கக்கேடு என்பதற்கும் பதில் உண்டு. ஆயத்த ஆடை உலகில் வேகத்துக்குப் பெயர்போன ஸாராவின் கடைகளில் 2003இல் பில்போடும் கருவிகள் பழைய டாஸ் இயங்குதளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பாடமாகவே எழுதி வைத்திருக்கிறது. கடை மேலாளர் எது விற்கிறது, எது விற்கவில்லை என்று தலைமையகத்துக்குச் சொல்வார். அங்கே வடிவமைப்பாளரும் கொள்முதல்காரரும் அதை வைத்துச் சட்டென்று முடிவெடுப்பார்கள். டொயோட்டாவில் தைச்சி ஓனோ உருவாக்கிய, தேவைப்படும்போது மட்டும் சரக்கை வரவழைக்கும் கான்பான் முறை பல பத்தாண்டுகள் காகித அட்டையில் நடந்தது. மின்னணு வடிவம் பிறகு வந்தது. முறை முன்னால், கருவி பின்னால் என்ற வரிசையில் வளர்ந்தவை இவை. ஆலோசகர் வரிசையைத் தலைகீழாக்கி விற்கிறார், ஏனென்றால் முறைக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

அடுத்து, சங்கிலியில் உள்ள அத்தனை பேரையும் ஒரே தளத்தில் கொண்டுவந்துவிடலாம், பிளாக்செயின் வந்தாயிற்று என்று மூன்றாம் பக்கத்தில் குதூகலித்திருக்கிறார். மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் அதே கனவுதான். 2022 நவம்பரில், தொழில்துறை முழுவதன் ஒத்துழைப்பும் கிடைக்கவில்லை என்று சொல்லி மூடுவதாக அறிவித்தார்கள். உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றும், கணினி உலகின் ஜாம்பவானும் சேர்ந்து செய்ய முடியாததை நம் ஏற்றுமதியாளர் தன் சாயப்பட்டறைக்காரரிடம் செய்து காட்ட வேண்டுமாம். தன் இருப்பையும் தன் விலையையும் அடுத்தவர் திரையில் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? தளம் கட்டுவது எளிது. அதில் உண்மையைப் பதிய ஒவ்வொருவருக்கும் ஒரு லாபம் இருக்க வேண்டும் என்பதுதான் கடினம்.

ஆலோசகர் ஓரிடத்தில் சரியாகச் சொல்கிறார், அதை மறைக்க மாட்டேன். ஒரே மனிதரின் மடிக்கணினியில் உள்ள எக்செல்லை நம்பித் தொழில் நடப்பது ஆபத்து. அவர் வேலையை விட்டால் ஆர்டர் நிலவரமும் அவரோடு போய்விடும். மென்பொருள் வேண்டாம் என்பது என் கட்சியும் இல்லை. சொல்லப்போனால், மென்பொருளுக்கான மிக வலுவான காரணத்தை அவர் தொடவேயில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பொருள் வடிவமைப்பு விதிமுறை, பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப்போகிறது. அதில் முன்னுரிமைப் பட்டியலில் ஆடைத் துணிகள் இருக்கின்றன. எந்த நூல், எந்தச் சாயப்பட்டறை என்று கேட்கும் நாளில் ஊகத்தைச் சொல்லித் தப்ப முடியாது. ஏற்றுமதி ஊருக்குப் புத்தி சொல்ல வந்தவருக்கு இது தெரியாமல் போயிருக்கலாம், அல்லது இதை எழுதினால் மென்பொருளைவிடச் சலான்களின் ஒழுங்கு முக்கியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்பதால் விட்டிருக்கலாம்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில், இந்த மென்பொருள் வந்தால் எந்த முடிவை நாளை வேறுவிதமாக எடுப்போம் என்று முதலாளி ஒரு வரியில் சொல்ல வேண்டும். நூல் வாங்கும் தேதியா, சாயத்துக்கு அனுப்பும் வரிசையா, ஷிப்மென்ட் வாக்குறுதியா? சொல்லத் தெரியவில்லை என்றால் பணத்தை வங்கியிலேயே வைத்திருக்கலாம்.

இரண்டாவது, விற்பனையாளரை அழைப்பதற்கு முன்பே குடோனை எண்ண வேண்டும். ஏட்டில் உள்ளதும் ரேக்கில் உள்ளதும் ஒத்துவரும்வரை எண்ண வேண்டும். ஒரே பட்டனுக்கு மூன்று பெயர் இருந்தால் இரண்டை அழிக்க வேண்டும். ஜாப் ஒர்க் சலான்களை ஜிஎஸ்டி சட்டமே கேட்கிறது, கொடுத்த சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று காலக்கெடுவும் வைத்திருக்கிறது. அந்தச் சலான்களில் இருந்தே தொடங்கலாம். இந்த வேலைக்கு வேண்டியது பொறுமையும் ஓவர்டைம் காசும் மட்டும்தான்.

மூன்றாவது, விற்பனையாளர் தன் மாதிரிக் கணக்கை வைத்துக் காட்டும் டெமோவை வணங்கி அனுப்பிவிட்டு, நம் மோசமான வாரத்தின் கணக்கை அவர் கையில் கொடுக்க வேண்டும். பாதி வந்த லாட், திரும்பி வந்த துணி, பையர் கடைசி நேரத்தில் மாற்றிய அளவு, எல்லாம் அதில் இருக்கட்டும். அமெரிக்க மருந்து மொத்த விற்பனையாளரான ஃபாக்ஸ்மேயர் இதைத்தான் தவறவிட்டது. அதன் பழைய கணினி ஓர் இரவில் 4,20,000 ஆர்டர் வரிகளைக் கையாண்டது. புதிய மென்பொருள் தொடக்கத்தில் கையாண்டது சுமார் 10,000. நிறுவனம் 1996இல் திவாலாகி, போட்டியாளரிடம் விலைபோனது. உச்ச நாளின் சுமையை முன்கூட்டியே ஏற்றிப் பார்க்காததற்கு ஊழியரின் மனோபாவம் எப்படிக் காரணமாகும்?

நான்காவது, ஒரு யூனிட்டில், ஒரு பையரின் ஆர்டரில், சீசன் இல்லாத மாதத்தில் தொடங்க வேண்டும். பதிவு செய்யும் நேரத்துக்குக் கூலி வைக்க வேண்டும். டெமோ காட்ட வந்த கெட்டிக்காரர்தான் நிறுவவும் வருவாரா, இல்லை, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்க வேண்டும். நாளை பிரிய நேர்ந்தால் நம் கணக்கு முழுவதும் நாம் திறந்து படிக்கும் வடிவில் நம் கைக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் லைசென்ஸ் விலை மலிவா என்று பேச வேண்டும்.

இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. ஆலோசகருக்கும் தெரிந்திருக்கும். எழுதாததற்குக் காரணம், இவை அனைத்தும் பொறுப்பை வாங்குபவர் மேசைக்கும் விற்பவர் மேசைக்கும் கொண்டுவருகின்றன. ஊழியரின் தலையில் கட்ட முடிவதில்லை.

ஆகவே ஒரு யோசனை. தோல்விக்கு ஊழியர்களே காரணம், மென்பொருளில் குறையில்லை, தன் வழிமுறையிலும் குறையில்லை என்று அவர் உண்மையிலேயே நம்பினால், அடுத்த ஒப்பந்தத்தில் தன் கட்டணத்தில் பாதியை நிறுத்திவைக்கச் சம்மதிக்கட்டும். மென்பொருள் ஓடத் தொடங்கி ஆறு மாதம் கழித்து, திரையில் உள்ள இருப்பையும் குடோனில் உள்ள இருப்பையும் பொதுவான ஓர் ஆளை வைத்து எண்ணுவோம். ஒத்துவந்தால் மீதிப் பணம் அவருக்கு. ஒத்துவராவிட்டால் அந்தப் பணம், ராத்திரி உட்கார்ந்து கணக்கைத் திருத்தும் அதே ஊழியர்களுக்கு ஓவர்டைமாகப் போகட்டும். கையெழுத்திடத் தயாரா என்று அடுத்த இதழில் அவர் பதில் எழுதலாம். நான்கு பக்கம் வேண்டாம், ஒரு சொல் போதும்.